வேறொருவர் பெயரில் வந்த பணம்

அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய மகள் இலங்கையில், டிக்கோயாவில் ஆசிரியையாக இருக்கும் என்னோடு இருந்து படிக்கிறாள். சம்பளம் கிடைத்ததும் அக்கா பணம் அனுப்பிவிட்டுப் பேசுவாள். பிள்ளை சாப்பிட்டாளா என்பாள். அடுத்த மூச்சில் நான் சாப்பிட்டேனா என்பாள்.

ரூபாயின் மதிப்பு சரிந்த வருடம், வங்கி இல்லாமல் கைமாற்றாகப் பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரர் வங்கியைவிடக் கூடுதலாகத் தருகிறார் என்று கேள்விப்பட்டு, தினாரை அங்கே ஒருவர் கையில் கொடுத்தாள். மறுநாளே என் கணக்கில் ரூபாய் விழுந்தது. போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் வங்கி என் கணக்கை முடக்கியது.

வங்கியின் ஹட்டன் கிளைக்கு ஓடினேன். எனக்குப் பணம் போட்டவன் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டிருப்பதாக அங்கிருந்த மேடம் சொன்னார். அது அக்கா உழைத்த காசு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“அவங்க காசு சுத்தம்தான் டீச்சர். ஆனா அது கடலே தாண்டல. அங்கேயே நின்னுருச்சு. இங்க உங்களுக்கு வந்தது அவனோட காசு” என்றார் மேடம்.

உழைத்த பணத்தை முறைப்படி நாடுவிட்டு நாடு அனுப்புவது குற்றமில்லை, கெட்ட பணம் வந்த வழியை மறைப்பதுதான் பணச்சலவை, உண்டியலில் இரண்டும் கலந்துவிடும் என்று விளக்கினார்.

அன்று மாலை போனில் அக்காவிடம் சொன்னேன்.

“நான் அவங்க வீட்டுப் பாத்திரத்தக் கழுவ, அவன் என் சம்பளத்துல அவன் காசக் கழுவிக்கிட்டானா புள்ள?”

சொல்லிவிட்டு அழுதாள். ஆனால் அந்த வாரமே சம்பளச் சீட்டுகளையும் வேலை செய்யும் வீட்டு முதலாளியின் கடிதத்தையும் படமெடுத்து அனுப்பினாள். அவற்றோடு பொலிஸுக்குப் போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். சில மாதங்களில் கணக்கைத் திறந்துவிட்டார்கள். கடைசியாக வந்த தொகை மட்டும் வழக்கோடு நின்றுவிட்டது. போகட்டும், நீ தப்பினாயே என்றாள் அக்கா.

இப்போது வங்கி வழியாகத்தான் அனுப்புகிறாள். அவள் பெயரோடு வருகிறது.

போன முறை விடுமுறையில் வந்தபோது மேடத்துக்கென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். வங்கியில் கொடுத்தபோது, ஊழியர்கள் எதையும் வாங்கக் கூடாது என்று அவர் மறுத்தார். அக்கா விடவில்லை. பெட்டியை அங்கேயே பிரித்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தாள். கடைசி இரண்டை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.