பாலத்துப் படமும் ரெஜினா அக்காவும்

லூமுட் துறையில் பங்கோர் தீவுப் படகுக்காகக் குடும்பத்தோடு காத்திருந்தபோது அந்த அழைப்பு வந்தது. ரெஜினா அக்காவின் தங்கை பேசினார். "அண்ணே, அக்கா காலைல போயிட்டாங்க. சாயங்காலம் கோப்பெங் வீட்டுக்குக் கொண்டு வாரோம்" என்றார். நாங்கள் படகில் ஏறாமல் திரும்பினோம். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் தேறி வந்து, மேசையை ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறாய் என்று என்னைத் திட்டுவார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் பழம்படப் பிரிவில் அவரும் நானும் பல வருடங்கள் ஒரே அறையில் இருந்தோம். இந்த வளாகம் முன்பு ரப்பர் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் இங்கிருந்த ஒரு துரை எடுத்த படங்கள், கண்ணாடித் தகடுகளாக ஒரு மரப்பெட்டியில் எங்களிடம் வந்து சேர்ந்தன. இன்று விரிவுரை மண்டபம் நிற்கும் இடத்தில் அந்தப் படங்களில் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருக்கும். மாணவர்கள் மோட்டார் சைக்கிளில் கடக்கிற ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் துருப்பிடித்து நிற்கிறதே, அந்தப் பழைய இரும்புப் பாலம் புத்தம்புதிதாக இருக்கும். அது திறந்த அன்று, கட்டிய ஆட்களையெல்லாம் கரையில் வரிசையாக நிறுத்தி எடுத்த படம்தான் அக்காவின் உயிர்.

அவருடைய கோபம் உங்களில் பலருக்கு அனுபவம். வளாகத்தில் படக் கண்காட்சி வைத்தபோது, அந்தப் படத்தின் கீழே 'தோட்டக் கூலிகள்' என்று யாரோ அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். அக்கா எல்லார் முன்னாலும் அந்த அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "பேரு தெரியலன்னு எழுது தம்பி. தெரியாதது நம்ம குத்தம், அவங்க குத்தம் இல்ல." அப்படித்தான் எழுதினோம்.

எழுதியதோடு அவர் சும்மா இருக்கவில்லை. படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு, அந்தத் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களின் வீடு வீடாகப் போனார். குனோங் ராபாட் என்ற ஊரில் முனியாண்டி என்ற பெரியவர் கிடைத்தார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஜப்பான்காரர்கள் அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. பாலத்துக்கு அப்பா கல் சுமந்ததையும், துரை படம் பிடித்தபோது கூட நின்றதையும், இடது கை மடங்கியே இருக்கும், நீட்ட வராது என்பதையும் அம்மா சொல்லி அவர் கேட்டிருக்கிறார். படத்தின் முன்வரிசையில் அப்படி ஒருவர் நின்றிருந்தார். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அக்கா கொண்டுபோய்க் கொடுத்தார். எழுபத்துச் சொச்சம் வயதில் ஒரு மனிதர் அப்பாவை முதல் முறையாகப் பார்த்ததை நான் அன்று கண்டேன். அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் படையலில் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, இலை விரித்தார்கள். மாதா கோயிலுக்குப் போகிற அக்காவும் சிலுவை போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது.

சில வருடங்கள் கழித்து, அதே இடத்திலிருந்து பாலத்தை இன்றைக்கு ஒரு படம் எடுத்துப் பழையதோடு சேர்த்து மாட்டலாம் என்று இருவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். அக்கா கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, கையிலிருந்த பழைய படத்தையும் எதிரே இருந்த பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய படத்தில் பாலத்துக்கு வலப்பக்கம் மங்கலாக ஒன்று தெரியும். மேகம் என்று நினைத்திருந்தோம். அது சுண்ணாம்பு மலை. நேரில் அந்த மலை இடப்பக்கம் இருந்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிய பக்கம் எது என்று பார்த்து வைக்காவிட்டால் படம் இடம் வலமாக மாறிவிடும். அந்தத் தகட்டை ஸ்கேன் செய்தவர் அக்காதான். முன்வரிசையில் நின்றவருக்கு மடங்கியிருந்தது இடது கை அல்ல, வலது கை.

சொல்ல வேண்டாம் என்று நான் மன்றாடினேன். வயதான மனிதர், கிடைத்த ஒரே முகத்தைப் பிடுங்கினால் அது பாவம் என்றேன். அக்கா ஒரு வருடம் போல மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார். மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தும் அவருக்கு ஆறவில்லை. கடைசியில், "அந்தப் படத்துல நிக்கிற ஆளுக்கும் புள்ளைங்க இருந்திருப்பாங்கல்ல தம்பி, அவங்களும் தேடிட்டுத்தான இருப்பாங்க" என்று சொல்லிக் காரை எடுத்தார்.

குனோங் ராபாட் வீட்டில் அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன் தவறு என்பதை முதலில் சொன்னார். பெரியவரின் மகளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்து இதை ஏன் வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டார். பெரியவர் மகளைக் கையமர்த்திவிட்டு, "அப்ப எங்கப்பா அதுல இல்லியாம்மா?" என்றார்.

"இருப்பாரு ஐயா. பின்வரிசையில நிறைய பேருக்குத் தல மட்டுந்தான் தெரியுது. அதுல எதுன்னு தெரியல."

பெரியவர் சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "யாரா வேணா இருக்கட்டும்மா. இத்தன வருசமா நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்காரு. இப்ப எங்க போவச் சொல்றது?"

கோப்பெங் வந்ததும் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். சொல்லியிருக்கக் கூடாது என்று சில நாள் எனக்கு இன்றும் தோன்றுகிறது. சொல்லாமல் அவரால் வாழ்ந்திருக்க முடியாது என்பதும் தெரிகிறது. அதன் பிறகு அவர் சனிக்கிழமைகளில் வலது கை மடங்கிய மனிதரின் வீட்டைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தார். பெரியவரும் காலமாகிவிட்டார். படையலை மகள் விடாமல் செய்கிறார். அக்கா தேடியது மட்டும் கிடைக்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் அதைத்தான் கேட்டார். ஒன்றும் தகவல் இல்லை என்று சொல்லும்போது எனக்கு அவர் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை.

அவருடைய மேசையும் அலமாரியும் வேறு யாருக்கோ போகும். அவர் விட்டுப்போன தேடலை நான் வைத்துக்கொள்கிறேன். இதைப் படிக்கும் உங்கள் வீட்டில், அந்தக் காலத்தில் தோட்டத்துப் பாலம் கட்டப் போன, வலது கையை நீட்ட முடியாத ஒருவரைப் பற்றிப் பேச்சு இருந்திருந்தால் தயவுசெய்து நூலகத்துக்கு வாருங்கள். படத்தைப் பாருங்கள். அவர்தான் என்றால் அவருடைய பெயரை எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அவர் பட்டினி கிடக்கவில்லை. குனோங் ராபாட்டில் ஒரு வீட்டில் வருடம் தவறாமல் அவருக்கு இலை போடுகிறார்கள்.