இரண்டு விரல் ஓட்டை

குவைத்தில் குளிரடிக்கும் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். லீவில் போகும்போதெல்லாம் நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் புளுகுதான் என்று என் சாச்சிமார் சிரிப்பார்கள். அரபு நாடு என்றால் அவர்களுக்கு வெயிலும் ஒட்டகமும் செண்ட் பாட்டிலும்தான். ஜனவரி மாதத்தில் அவர்களில் ஒருவரையாவது எங்கள் ஃபஹாஹீல் வீட்டில் ஒரு நாள் குடி வைத்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு பழைய அரபு வீடு. எண்ணெய் எடுக்க வந்தவர்களுக்கும் முன்னால் கட்டியது என்று வாப்பா சொல்வார். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று உம்மா கேட்பாள். நடுவில் முற்றம். முன்பக்கம் வீட்டுக்காரம்மாவும் என் வயதுள்ள அவருடைய மகளும் இருந்தார்கள். பின்பக்கத்து இரண்டு அறைகளும் முற்றத்தின் மூலையில் ஒரு அடுப்படியும் எங்களுக்கு. ஜன்னல் சட்டங்கள் வளைந்து போய் எதுவும் எதோடும் பொருந்தாது. ஏசி பெட்டியை வைக்கச் சுவரை உடைத்தவர்கள் பெட்டியைவிடப் பெரிதாக உடைத்து வைத்திருந்தார்கள். கோடையில் இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் காற்று அத்தனை இடுக்கிலும் புகுந்து, கட்டிலில் நமக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். ஹீட்டர் ஒன்று இருந்தது. அதைப் போட்டால் ஃபியூஸ் போய் வீட்டுக்காரம்மாவின் பக்கமும் சேர்ந்து இருண்டுவிடும். இரண்டு முறை பிளக் கருகியபின் வாப்பா அதைத் துணி சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

எனக்கு எட்டு வயதில் தம்பி பிறந்தான். எனக்குப் பிறகு உம்மா வயிற்றில் மூன்று தடவை தங்காமல் போயிருந்தது. இவனும் பொறுக்காமல் எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் வைத்திருந்து, துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். இவனுக்கு உடம்பில் சூடு நிற்காது, குளிர் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. அவன் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த அறையின் கதகதப்பில் இருக்கிறது என்று எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

பேறுகாலம் பார்க்க மாமி வந்து தங்கினார். வாப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். ஊரில் பல பிள்ளைகளை நாற்பது நாள் பார்த்துத் தேற்றிக் கொடுத்தவர். பிள்ளை பெற்றவள் மேல் நாற்பது நாளைக்குக் காற்றுப் படக்கூடாது என்பது அவர் சட்டம். காதில் பஞ்சு, தலையில் கட்டு, காலில் வாப்பாவின் கம்பளிச் சாக்ஸ் என்று உம்மாவை ஒரு பொட்டலமாக்கி உட்கார வைத்தார். பிறகு தணல் சட்டி கேட்டார். ஊரில் பேறுகால அறையில் கரி கனியப் போட்டு, சாம்பிராணி தூவி, தாய்க்கும் பிள்ளைக்கும் சூடு காட்டுவது வழக்கம். ஊர் வீட்டில் தலைக்கு மேலே ஓடு. ஓட்டு இடுக்கில் வானம் தெரியும். அங்கே அந்தச் சட்டி யாரையும் ஒன்றும் செய்ததில்லை. வாப்பா பழைய அலுமினியச் சட்டி ஒன்றையும், சீஷா என்கிற ஹூக்கா குடிப்பவர்கள் வாங்கும் கரியில் ஒரு மூட்டையையும் கொண்டுவந்து இறக்கினார்.

காற்றை அடைக்கும் வேலையை வாப்பா எடுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. சாமான் வந்த பெட்டிகளிலிருந்து தெர்மகோல் பலகைகள், அட்டைகள், பழுப்பு டேப் என்று தினமும் ஒரு கட்டு வீட்டுக்கு வரும். அதில் எனக்கும் ஒரு உத்தியோகம் போட்டுக் கொடுத்தார். ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக மெதுவாக நடக்க வேண்டும். புகை நேராகப் போனால் அந்த இடம் சுத்தம். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே காற்று நுழைகிறது. நான் கையைத் தூக்குவேன், வாப்பா வந்து டேப் ஒட்டுவார்.

"நம்ம இன்ஜினியரம்மா கண்ணுல ஒரு ஊசி ஓட்டை தப்பாது" என்பார் வருகிறவர்களிடமெல்லாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எதற்கும் கைதட்டல் வாங்காத பெண் நான். ஏசியைச் சுற்றி, ஜன்னல் முழுக்க, கூரைக் கழிகள் சுவரில் இறங்கும் இடங்கள், கதவின் கீழ்ப்பக்கம் என்று ஒன்று விடாமல் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கதவுக்கு உள்பக்கம் ஒரு கம்பளியும் தொங்கியது. ஐந்தாம் நாள் ஊதுபத்திப் புகை அறை முழுக்க எங்கேயும் ஆடாமல் நேராக மேலே போனது. வாப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

ஒரு இடத்தை மட்டும் நான் சொல்லவில்லை. உம்மாவின் கட்டில் தலைமாட்டில், தலையணை உயரத்துக்குச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. பழைய ஒயர் ஏதோ போன வழி. இரண்டு விரல் நுழையும், அவ்வளவுதான். மறுபக்கம் முற்றம். வீட்டுக்காரம்மாவின் மகள் அதன் வழியாக எனக்குச் சூயிங்கம் தருவாள், நான் அவளுக்குக் கடலை மிட்டாய் தருவேன். அதை மூடினால் என் வியாபாரம் படுத்துவிடும். ஒரு கந்தல் துணியைச் சுருட்டி அதில் திணித்து, முன்னால் தலையணையைச் சாய்த்து வைத்துவிட்டேன். சோதனைக்குப் போன ஊதுபத்தியும் நானும் அந்தப் பக்கம் மட்டும் வேகமாக நடந்தோம்.

அடுத்த வாரத்திலிருந்து உம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. உட்கார்ந்தால் கிறுகிறுப்பு, சாப்பிட்டால் குமட்டல். குளிர் தலையில் ஏறிவிட்டது என்றார் மாமி. இன்னும் இரண்டு கரி கூடப் போட்டார். பள்ளிவிட்டு வந்து அங்கே உட்கார்ந்தால் எனக்கும் தலை வலிக்கும், முற்றத்துக்கு ஓடினால் சரியாகிவிடும். வீட்டுப்பாடத்துக்கு டிமிக்கி கொடுக்க நான் செய்யும் தந்திரம் என்று அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை பார்க்க வீட்டுக்காரம்மா ஒருநாள் வந்தார். கம்பளியை விலக்கி உள்ளே வந்தவர் உட்காரவே இல்லை. திரும்பிப் போய்க் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, சட்டியைக் காட்டி அரபியில் பொரிந்து தள்ளினார். அவர் மகளோடு விளையாடி எனக்கு அந்த மொழி கொஞ்சம் வரும். கரியை வெளியில் வைத்து நன்றாகக் கனிந்தபின்தான் உள்ளே கொண்டுவர வேண்டுமாம், கதவும் திறந்திருக்க வேண்டுமாம், காற்று வேண்டுமாம் என்று நான் சொன்னேன்.

"காத்து ஆகாதுன்னுதானே நாம கெடந்து பாடுபடுறோம்" என்றார் மாமி. "அவங்களுக்கு இந்தக் குளிரு பழக்கம். நம்ம புள்ள தாங்குமா?"

வீட்டுக்காரம்மாவுக்குச் சிரித்த முகமாகத் தலையாட்டி, பேரீச்சம்பழமும் தேநீரும் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கீழே டேப்பைப் புதிதாக ஒட்டினேன், நான்தான் ஒட்டினேன்.

அது நடந்து நான்கைந்து நாளிருக்கும். வாப்பா டியூட்டியில் இருந்தார். பள்ளிவிட்டு வந்தபோது மாமி புதிதாகக் கரி போட்டுத் தொட்டிலருகில் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, உம்மாவுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்படிக்குப் போனார். உம்மா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கினாள். தொட்டிலில் தம்பி. அவனுடைய வாடிய முகத்தில் அன்று நல்ல நிறம் இருந்தது. சட்டைகூட மாற்றவில்லை, சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. உம்மா தலைக்கு மேலே கையை நீட்டிக் கந்தலை உருவினேன். ஒரு சூயிங்கம் வந்து விழுந்தது, எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பின்னாலேயே ஒரு விரல் நீண்டு, வா வா என்று அழைத்தது. கந்தலைக் கையில் பிடித்தபடியே ஓடிவிட்டேன்.

முற்றத்தில் கட்டம் போட்டு நொண்டியடித்தோம். பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னபிறகு மாமி கஞ்சியோடு அறைக்குள் போனார். கிண்ணம் உடையும் சத்தம் முதலில் கேட்டது. அதற்குப் பிறகு மாமியிடமிருந்து வந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை, எழுதவும் விருப்பமில்லை. தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். "இந்தா பாருங்க, கன்னம் செவந்துதானே இருக்கு, தூங்குது, தூங்குது" என்று என்னிடமும் வீட்டுக்காரம்மாவிடமும் மாறி மாறிச் சொன்னார். செவந்துதான் இருந்தது. உம்மாவை உலுக்கியும் எழுப்ப முடியவில்லை. வெளியே தூக்கி வந்து போட்டபோது கண்ணைத் திறந்து வாந்தியெடுத்தாள். வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிட்டு எல்லோரையும் ஏற்றிப் போனார்.

நான் மட்டும் வீட்டில் நின்றேன். என் கையில் கந்தல் துணி இருந்தது.

மறுநாள் காலையில் தம்பியை அடக்கம் செய்தார்கள். உம்மாவை ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் மாமி ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"குளிரு தாக்கிருச்சு. எங்கேயோ ஒரு காத்து உள்ள வந்து எம்புள்ளையக் கொண்டு போயிருச்சு."

எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அழுகைகூட வரவில்லை. சூயிங்கத்துக்காகத் தம்பியைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாயருகே வரும், மாமியின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும்.

கபுருஸ்தானிலிருந்து திரும்பிய வாப்பா காலில் மண்ணோடு நேராக அந்த அறைக்குள் போனார். முதலில் தணல் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். பிறகு கம்பளியைப் பிடுங்கினார். ஜன்னலில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிழித்தார், தெர்மகோலை முழங்காலில் வைத்து உடைத்தார். நாங்கள் இருவரும் ஐந்து நாளாக ஒட்டியது அத்தனையும் பத்து நிமிஷத்தில் தரையில் கிடந்தது. குளிர்காற்று தடையில்லாமல் உள்ளே வந்தது. மாமி வாசலில் நின்று, தன் தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அழுதார்.

வாப்பா என் ஓட்டையைத்தான் தேடுகிறார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். கட்டிலின் தலைமாட்டில் போய் அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தினார். தலையணையை எடுத்தார். ஓட்டையைப் பார்த்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு அப்படியே வைத்திருந்தார். பிறகு கட்டிலையும், உம்மாவின் தலை கிடந்த இடத்தையும், தொட்டிலையும் பார்த்தார்.

"இதை ஏம்மா நீ எனக்குக் காட்டலை?" என்று கேட்டார்.

 கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. என் தலையில் அவர் கை வந்து உட்கார்ந்தது.  என்னைக் கட்டிக்கொண்டு, என் தலையில் முகத்தைப் புதைத்து வாப்பா சத்தம் போட்டு அழுதார். அதைவிட அடித்திருக்கலாம் என்று இருந்தது.

மூடிய அறையில் கரிப்புகை விஷமாகி ஆளைக் கொல்லும், முகம் மட்டும் சிவந்திருக்கும் என்று டாக்டர் அவரிடம் தம்பி இறந்த அன்றே சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. எனக்கும் கல்யாணமாகி, ஷார்ஜாவில் குடித்தனம் வைத்த பிறகு, மூடிய அறையில் கரி மூட்டாதீர்கள் என்று ஒரு குளிர்காலத்தில் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷ லீவில் ஊருக்குப் போனபோது வாப்பாவிடம் கேட்டேன். மாமி மௌத்தாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

"அக்காகிட்ட எப்படிம்மா சொல்லச் சொல்றே?" என்றார். "கரி போட்டது அவ, அடைச்சது நான். நீ அந்த ஒண்ணை விட்டு வச்சதாலதான் உங்க உம்மா இன்னும் இருக்கா."

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மற்ற ஓட்டைகளையெல்லாம் ஊதுபத்தி பிடித்துக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தனை வருஷமும் நான் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டது தப்பான ஓட்டைக்காக.

அன்றைக்கு அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது. மறுநாள் உம்மாவை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்ததைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது பெரியவர்கள் பாடு. என் ஓட்டை என் பொறுப்பு. வாப்பா வெளியே போனதும் அந்தச் சூயிங்கத்தை எடுத்தேன். உறைகூடப் பிரிக்காமல் சட்டைப் பையில் கிடந்தது. இனிப்புப் போகும்வரை அழுதுகொண்டே மென்றேன். கந்தலைத் திணித்து, அதன் மேல் அந்தப் பிசினை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அங்கே பிடித்துப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வந்த காற்றில் புகை கலைந்து கலைந்து போனது. இன்னொரு கையால் அதை மறைத்துக்கொண்டு, புகை நேராக எழும்வரை நின்றேன். உம்மாவுக்காவது இனி ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.