முளைத்ததைக் கொடுத்தவர்

புற்றுநோய் சிகிச்சை முடிந்த அன்று, "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று மாதமும் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டிலோ, "அதான் சரியாயிடுச்சே!" என்று முடித்துவிட்டார்கள்.

ஒரு நாள் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். சமயபுரத்தில் ஏறிய ஒரு பெண், மொட்டைத் தலையும் சந்தனமுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்றில் என் முக்காடு விலகியதும் அவர் பதறிப்போனார்.

"ஐயையோ, சந்தனம் பூசாமயா வந்தீங்க? எரியுமேங்க!"

நான் வாய் திறப்பதற்குள் தன் சந்தனப் பொட்டலத்தைப் பிரித்து என் தலை முழுக்கப் பூசிவிட்டார்.

"வேண்டுதல் இல்லைங்க. கேன்சர் மருந்துல கொட்டிடுச்சு" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் கொட்டிச்சு. திரும்ப முளைச்சா உனக்கே தரேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். முளைச்சுது, குடுத்துட்டேன்."

"அவ்வளவு கஷ்டப்பட்டு முளைச்சதையா?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம். இறங்கும்போது நம்பர் கொடுத்தார். "பயம் வந்தா போன் பண்ணுங்க. எனக்கும் வரும்."

இப்போது எனக்கும் முடி முளைத்துவிட்டது. பயம் அவ்வப்போது வருகிறது. உடனே அவருக்குப் போன் செய்துவிடுகிறேன். சமயபுரத்தைத் தாண்டும்போது மட்டும் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொள்கிறேன். ஆத்தா கண்ணில் பட்டுவிடக் கூடாதே!