பதினோராவது இரவு சும்மா

…அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் மருமகன் கொழும்புக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டை விட்டுவிட்டு ஹோட்டலில் படுக்கிறாராம் என்று சந்தைப் பக்கம் ஒரு கதை ஓடுகிறதே, உங்கள் காதிலும் விழுந்திருக்கும். வாரா வாரம் இதை வாசிக்கிற நீங்களும் எங்களுக்குப் பக்கத்து வீடுதானே, விழாமல் இருக்குமா?

கதை உண்மைதான். பாதி உண்மை. மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியை எழுதுவது வழக்கம்போல மகள் நஸ்ரினா. எனக்கு வாய் மட்டும்தான் வரும், எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அவள் புருஷனைப் பற்றியே சொல்லப்போவதால் பேனா கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் ஓடுகிறது.

மருமகன் அன்சாருக்குக் கல்முனையில் புடவைக்கடை. மாதம் ஒரு தடவை சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போவார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து தங்குவது என் தங்கை ஜெஸீமா வீட்டில். இரண்டே அறை. ஊரிலிருந்து யார் போனாலும் அவள் கட்டிலைக் கொடுத்துவிட்டு நிலத்தில் பாய் போடுவாள். அன்சாருக்கு அது கூச்சம்.

போன வருடம் ஒரு நாள் மினுங்குகிற கார்ட் ஒன்றோடு வந்தார். வங்கியும் ஒரு ஹோட்டலும் சேர்ந்து கொடுக்கிற கார்ட்.

"மாமி, இந்தக் கார்டால அந்த ஹோட்டல்ல பத்து இரவு தங்கினா பதினோராவது இரவு சும்மா. ரெண்டு பேருக்கு. காலச் சாப்பாடும் சேத்து!"

"கார்டுக்கு வருசத்துக்கு எவ்வளவு மருமகன்?"

சொன்னார். நான் நெல்லில்தான் கணக்குப் பார்ப்பேன். இரண்டு மூடை நெல்.

"பத்து இரவுக்கும் காசு குடுக்கத்தானே வேணும்?"

"ஓம் மாமி. ஆனா கார்ட் உள்ள ஆக்களுக்குக் குறைச்சி எடுப்பாங்க."

"வட்டி?"

"மாசம் முடிய முன்னம் கட்டினா வட்டி இல்ல. பள்ளி மௌலவிட்டயும் கேட்டுட்டன்."

மார்க்கத்துக்கு மௌலவி சரி சொல்லிவிட்டார். கணக்குக்கு யார் சரி சொல்வது? மருமகனிடம் அதிகம் கதைக்கக் கூடாது… கதைத்தால் மகள் இரண்டு நாளைக்கு நம்மோடு கதைக்க மாட்டாள். (எழுது பிள்ளை, எழுது.)

ஜெஸீமா கோபித்தாளா? இல்லை. முன்பெல்லாம் இந்த அக்கா போன் எடுத்தால் அவளுடைய முதல் கேள்வியே "மருமகன் எப்ப வாறாரு ராத்தா?" என்பதுதான். அந்தக் கேள்வி மட்டும் நின்று போயிற்று.

கார்டின் வருடம் முடிய இரண்டு வாரம். ஒன்பது இரவு ஆகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. கடையில் சாமான் நிறைந்து கிடக்கிறது, எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் மனிதர் விடிய முன்னம் சுபஹோடு எழுந்து கொழும்பு பஸ் ஏறிவிட்டார். எதற்கு? படுப்பதற்கு! சும்மா கிடைக்கப்போகிற ஓர் இரவுக்காக, ரோடு இருக்கிற இருப்பில், ஒரு முழு நாள் பஸ் பயணம்.

பொழுது பட்டு மஃரிபுக்குள் போன் வர வேண்டும். நம் சந்தியில் உள்ள டெலிபோன் கடைக்கு, கொமினிகேசனுக்குத்தான் எடுப்பார். வரவில்லை. நஸ்ரினா வாசலுக்கும் படலைக்கும் நடந்தாள். அவளைப் பார்த்து நானும் நடந்தேன். ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாதது ஒன்றுதான் குறை.

கடைசியில் கொமினிகேசன்காரரைக் கொண்டு ஹோட்டலுக்கே எடுப்பித்தோம். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வரல்லையாம். ஆறு மணி மட்டும் பாத்துட்டு ரூமை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். போன் எடுத்ததுக்கு நன்றியாம்."

அவ்வளவுதான். ஆள் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வேலை இல்லை. அவர்கள்மேல் பிழை சொல்ல முடியுமா? அறை வியாபாரம் அப்படித்தான். ஆனால் ஜெஸீமா வீடாக இருந்தால்? பின்னேரம் அசருக்கே படலையில் நின்றிருப்பாள். மஃரிபுக்கு அவளே எங்களுக்குப் போன் எடுத்திருப்பாள்.

எந்த முகத்தோடு அவளுக்கு எடுப்பது? எடுத்தோம்.

"எத்தின மணி பஸ்? எந்தப் பாதையால வாற பஸ்?" இரண்டே கேள்வி. "சரி, போன வை ராத்தா. அவர அனுப்புறன்."

அவர் என்றால் அவள் புருஷன், எங்கள் மச்சான். ஏழு வருடமாக முழங்கால் நோவு அவருக்கு. பஸ் வருகிற வழியில் ஆமி மறித்துச் சோதிக்கிற செக் பொயின்ட் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, மூன்றாவதில் கண்டுபிடித்தார். அன்சார் வாங்குப் பலகையில் குந்திக்கொண்டிருந்தாராம். அடையாள அட்டை இல்லை!

அடையாள அட்டை இல்லாமல் நம் ஊர் ஆம்பிளை ஒருவர் கொழும்புக்குப் போவாரா? மீன் வாங்கச் சந்தைக்குப் போனாலும் பொக்கட்டைத் தொட்டுப் பார்க்கிற காலம் இது. நடந்தது இதுதான். பேர்ஸில் கண்ணாடிக் கடதாசி வைத்த ஒரு இடம் இருக்குமே, திறந்ததும் தெரிகிற இடம், அது ஐசி, அதுதான் அந்த அடையாள அட்டை, இருந்த இடம். ரிசப்ஷனில் நீட்ட வசதி என்று அங்கே ஹோட்டல் கார்ட் குடியேறிவிட்டது. ஐசி சேட்டுப் பொக்கட்டுக்குப் போயிற்று. அன்றைக்குப் போட்டது வேறு சேட்டு. பேர்ஸைத் திறந்து பார்த்தால் கண்ணாடிக்குள்ளே கார்ட் மினுங்குகிறது, எல்லாம் சரி என்று கண் சொல்லிவிட்டது.

"ஐசி எங்க கெடக்கு?" ஜெஸீமா திரும்ப எடுத்துக் கேட்டாள்.

"இஞ்சதான் சாச்சி… சேட்டுப் பொக்கட்டுல…" நஸ்ரினா விம்மினாள்.

"அழாதடி. ஃபெக்ஸ் அடி."

அடித்தோம். என் தங்கை வீட்டுக்குக் கீழ்க் கடையில் அது கறுப்பாக வந்து விழுந்ததாம். முகமா தேங்காயா என்று தெரியவில்லையாம். ஆனால் நம்பர் தெரிந்தது. அந்தத் துண்டை எடுத்துப் போய், அதையும் தன் சொந்த ஐசியையும் வைத்து, "இவர் என்ட வீட்டு ஆள்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தார் மச்சான். நடுச்சாமத்துக்குள் மருமகன் ஜெஸீமாவின் கட்டிலில்.

அல்ஹம்துலில்லாஹ். இப்போது சிரிப்பேன். அன்று சிரித்தேனா?

அடுத்த மாதக் கார்ட் பில் வந்தபோது நஸ்ரினா இங்கிலீசை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் குதித்தாள்.

"உம்மா! அந்த இரவுக்கும் காசு எடுத்திரிக்கான். தங்காத இரவுக்குக் காசு! ஆனா எண்ணிக்கையில அது சேராதாம். ஒம்பதுதானாம்!"

அதே உறையில் புது வருடத்துக்கான கடிதமும். இரண்டு மூடை கட்டினால் ஒன்பது இரவும் உயிரோடு இருக்கும். கட்டாவிட்டால் மௌத்து. நஸ்ரினா கத்தரிக்கோலோடு நிற்கிறாள். அன்சார் கார்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஒம்பது இரவு புள்ள… ஒம்பது…" என்கிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெஸீமாவிடம் கேட்போம் என்று எல்லோரையும் சந்திக்குக் கூட்டிப் போனேன்.

"ஹோட்டல்காரன் அவரத் தேடிக்கிட்டுச் செக் பொயின்டுக்குப் போனானா ராத்தா?"

"இல்ல."

"அப்ப வெட்டிப் போடுங்க."

நான் போனை வைக்கப் போனேன். அவள் விடவில்லை,

"காலச் சாப்பாடும் குடுப்பாங்களாமா?"

"ஓம். ரெண்டு பேருக்கு."

"யாரு ஆக்குறது?"

"அவங்கதான்."

"கோப்பை கழுவுறது?"

"அவங்கதான்டி."

"பாய் உதறி மடிக்கிறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, பாஸ்போட்டுக்கு, சோதினை எழுத என்று போன அத்தனை பேருக்கும் கட்டிலைக் கொடுத்தவள், கல்யாணம் முடித்த பிறகு ஒரு நாளாவது இன்னொருவர் ஊற்றிய காலைத் தேத்தண்ணியைக் குடித்திருப்பாளா?

பக்கத்தில் நின்ற அன்சாருக்கும் கேட்டுவிட்டது. போனை வாங்கினார்.

"கொழும்பு மாமி, காசு கட்டுறன். பத்தாவது இரவு எனக்கு. பதினோராவது உங்களுக்கும் மாமாவுக்கும்."

"அவரையா? அவரக் கூட்டிப் போனா அங்கயும் நான்தான் தேத்தண்ணி ஊத்தணும். ராத்தாவ அனுப்புங்க!"

நஸ்ரினா கத்தரிக்கோலை இடுப்பில் செருகிவிட்டாள். போன் கூடு அதிரச் சிரித்தோம்.

ஆகவே, கார்ட் இரண்டு மூடை நெல்லுக்குப் பெறுமா என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு: நமக்கென்று வாங்கினால் நட்டம். நாம் வராவிட்டால் தேடி வருகிறவர்களுக்கென்று வாங்கினால் லாபம். வங்கி இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது… வங்கியிடம் யார் கேட்டார்?

அந்தப் பத்தாவது இரவு இன்றைக்குத்தான். முதலில் ஜெஸீமா வீடு, முகம் காட்டி, சோறு தின்று, எங்களுக்குப் போன் எடுத்து, அதற்குப் பிறகுதான் ஹோட்டல் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஐசியை நஸ்ரினா மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டாள். நான்காவது தடவை பார்க்க இதோ பேனாவை வைக்கிறாள்…

பொறு பிள்ளை, இதையும் எழுது. மருமகன் செருப்பைப் போட்டுவிட்டார், ஜெஸீமாவுக்கான தயிர்ச் சட்டிக்கு நான் இன்னும் வாய் கட்டவில்லை. அந்தக் கயிற்றை எடு!