சுபாஷிணியின் வேண்டுதல், உமாவின் கால்

உமாமகேஸ்வரி மத்திய அமைச்சகம் ஒன்றில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். யார் யாரோ சொல்லச் சொல்ல எழுதியே காலம் ஓடிவிட்டது. தலைநகரில் மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடித்தனம் வைத்த நாளிலிருந்து வீட்டிலும் அதே கதைதான். கணவர் ஜெயராம் சொல்வார், அவர் தங்கை சுபாஷிணி சொல்வாள், இவள் தலையாட்டுவாள்.

ஓய்வு பெற்ற பிறகு தைராய்டில் புற்றுநோய் வந்தது. அறுவை செய்தார்கள், கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். எதற்கும் மசியாமல் அது நுரையீரலுக்குப் பரவியதும், கட்டிக்கு ரத்தம் போகிற வழியை அடைக்கும் என்று ஒரு கேப்ஸ்யூலை ஆரம்பித்தார்கள். பிரஷர் எகிறியது, நாக்கு செத்துப்போனது, உள்ளங்கால் சிவந்து தோல் உரிந்தது. ஆனால் ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன! காலை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், புண்ணாகிவிட்டால் மருந்தை நிறுத்த வேண்டிவரும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தால் சுபாஷிணி கண்ணீரும் சிரிப்புமாகக் காத்திருந்தாள்.

“முருகன் கைவிடலை மன்னி! கட்டி சுருங்கினா நீங்க மலை மந்திர்ல அடிப்பிரதட்சணம் பண்ணுவேள்னு வேண்டிண்டிருந்தேன்.”

உமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டிக்கொண்டது ஒருத்தி, அடிமேல் அடி வைத்து ஜூன் மாதக் கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டியது இன்னொருத்தியா? டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தாள்.

“ஒரு சுத்துதானே, ஜல்தியா முடிச்சுடலாம்” என்றார் ஜெயராம். “சாமி காரியத்துக்குப் போய் யாராவது டாக்டரைக் கேப்பாளா?”

வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு உமா போனாள். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் பிராகாரத்தில் நின்றாள். “கழட்டிடுங்கோ மன்னி, பலன் இல்லாம போயிடும்” என்று சுபாஷிணி குனிந்து தானே உருவி எடுத்தாள்.

மறுநாள் இரண்டு உள்ளங்காலும் கொப்புளம் வெடித்துப் புண். பாத்ரூமுக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. கால் ஆறும்வரை மருந்து வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். அதுவரை கட்டி சும்மா இருக்குமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றவர், எப்படி இவ்வளவு புண்ணாயிற்று என்று திருப்பிக் கேட்டார்.

ஜெயராம் முந்திக்கொண்டு இந்தியில் பதில் சொன்னார். இவள் யார் பேச்சையும் கேட்பதே இல்லையாம்! ஆயுசு பூராவும் கேட்டு நடந்ததற்குக் கிடைத்த சர்டிபிகேட். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை உமாவுக்கு நெஞ்சு கொதித்தது.

சாயங்காலம் சுபாஷிணி இளநீரோடு வந்தாள்.

“கவலைப்படாதீங்கோ மன்னி. கால் ஆறினா நீங்க பால்குடம் எடுப்பேள்னு இன்னிக்கே வேண்டிண்டுட்டேன்.”

“அச்சா, நல்லதுதானே” என்று ஆரம்பித்தார் ஜெயராம்.

“நீங்க பேசாதீங்கோ” என்றாள் உமா. அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“இனிமே வேண்டிக்கறதானா உன் காலை வச்சு வேண்டிக்கோ, சுபா. என் கால் எனக்கு வேணும். அது ஆறினாத்தான் எனக்கு மருந்து.”