வண்டலூருக்கே விழுந்த நட்சத்திரம்

அப்பா இறந்து பதினாறு நாள் ஆகிறது. நல்லவர் என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். அவர் பொறாமைக்காரர்.

பெயர் வேதசிரோமணி. தாம்பரத்தில் டெலிபோன் டெக்னீஷியன். ஓய்வு நேரத்தில் ஹாம் ரேடியோ, வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசும் பொழுதுபோக்கு. 1993இல் ஜி.எஸ்.டி. சாலையோரத்து ஹாம்கள் சேர்ந்து ஒரு வலையமைப்பை உருவாக்கினார்கள். கம்ப்யூட்டரில் தட்டும் செய்தியை ஒருவரின் வயர்லெஸ் அனுப்பும். அடுத்தவருடையது கேட்டு மறுபடி அனுப்பும். இப்படித் தாவித் தாவி நகரத்துக்குப் போகும். எந்த நிலையம் செய்தியை வாங்கி அனுப்பியதோ அதன் பெயருக்குப் பக்கத்தில் திரையில் ஒரு நட்சத்திரக் குறி விழும்.

மறைமலை நகரிலிருந்து ரமா என்ற இன்ஜினியர் அனுப்பும் செய்திகளில் அந்த நட்சத்திரம் எப்போதும் வண்டலூர் சுப்பராயலுவுக்கே. மேட்டில் மூன்று மாடி வீடு அவருக்கு. அங்கிருந்து ஒரே தாவலில் நகரம். தாம்பரம் தேவைப்படவில்லை.

அப்பா பத்தடி ஜி.ஐ. பைப் சேர்த்து ஆன்டெனாவை உயர்த்தினார். பயனில்லை.

"மேட்டுல மனை வாங்கினவனுக்கு மூளை எதுக்கு?" என்றார்.

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "போன கிறிஸ்துமஸ் ஸ்டார் பரண்லதான் கிடக்குது. எடுத்துத் தரட்டுமா?"

அப்பா பவரை, எல்லோரும் ஒப்புக்கொண்ட பத்து வாட்டிலிருந்து நாற்பதுக்கு ஏற்றினார். 'நான் இருக்கிறேன்' என்ற அறிவிப்பைப் பத்து விநாடிக்கு ஒருமுறை போகும்படி வைத்தார். அன்றோடு ரமாவின் செய்திகள் நின்றன. சுப்பராயலுவின் ரிசீவர் போய்விட்டதென்று அப்பா எல்லோருக்கும் சந்தோஷமாகத் தட்டினார்.

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. காரணம் புரிந்தது. ரமாவின் சிக்னல் எங்கள் வீட்டுக்கு எட்டாது. அலைவரிசை காலி என்று நினைத்து எங்கள் நிலையம் குறுக்கே அனுப்பும். வண்டலூரில் இரண்டும் மோதும். நாற்பது வாட் ஜெயிக்கும். அப்பாவிடம் சொன்னேன்.

"நீ அவன் கட்சியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சுப்பராயலு பவர் மீட்டரோடு வந்தார். கூட இரண்டு ஹாம்கள். அப்பாவின் வயர்லெஸ்ஸில் மீட்டரை மாட்டினார். முள் நாற்பதில் நின்றது. மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் ஒயரைப் பிடுங்கினார்.

"இன்னா சார், எதுல கோளாறு?" என்றார் ஒருவர்.

"என் ரிசீவர்லதான். வேதம் சார் சொன்னது கரெக்ட்."

டீ குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா கதவைச் சாத்தினார். "பாத்தியா? நல்லவன்ற பேரையும் அவனே தட்டிகினு போயிட்டான்."

அன்றே பவரைக் குறைத்தார். சுப்பராயலுவை மட்டும் மன்னிக்கவில்லை. அவர் பெயரை எடுத்தாலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். ஆறு வருடம் அப்படித்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் சுப்பராயலு வந்தார். அழுதிருந்தார்.

"தெனம் காலைல அஞ்சரைக்கு எனக்கு ஒரு மெசேஜ் போடுவாரும்மா. பாதி திட்டுதான்."

"தினமுமா?"

"தெனமும். அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி போட்டதுதான் முதல் மெசேஜ். 'பொண்ணு சரியா கண்டுபிடிச்சிட்டா. நான்தான் கேக்கல'ன்னு."

ஒரே வீட்டில் இருந்தேன். என்னிடம் அதைச் சொன்னதில்லை. அந்த நட்சத்திரமும் வண்டலூருக்கே.

அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.