பெற்றோருக்குக் கட்டிய கயிறு

மகள் தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், சேர்ந்த முதல் நாள். இடைவேளையைப் பெற்றோர் தள்ளி நின்று பார்க்க, பள்ளிக் கேன்டீனில் கயிறு கட்டியிருந்தார்கள்.

"இது பிள்ளைங்களுக்கு இல்ல, உங்களுக்குத்தான் லா," என்றார் ஆசிரியை. எல்லோரும் சிரித்தோம்.

பத்து வயதுப் பெண் ஒருத்தி என் மகளின் கையிலிருந்த சூப் கிண்ணத்தைச் சட்டென்று வாங்கினாள். பிடுங்குகிறாள் என்றே நினைத்தேன். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். கயிற்றைத் தாண்டி ஓடி, அவளை ஓங்கி அறைந்தேன். கிண்ணம் கவிழ்ந்து சூப் அவள் காலில் கொட்டியது.

"சூடா இருக்குன்னு அக்கா தூக்கிட்டு வந்தாங்கம்மா," என்றாள் மகள். புதுப் பிள்ளைகளுக்குத் துணையாகப் பள்ளி அமர்த்திய மாணவியாம் அவள்.

மகளை அணைக்கப் போனேன். அவள் அந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

என் பிள்ளையை யாரும் அடித்துவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் போயிருந்தேன். அன்று அங்கே அடித்தவள் நான் ஒருத்திதான்.